நைட்டிக்கு அபராதம் விதிக்கக் குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரம் உண்டா?

கேள்வி:

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு, வணக்கம். சென்னைப் புறநகரில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். பத்திரம் என் பெயரிலும் கணவர் பெயரிலும் சேர்ந்தே இருக்கிறது. சென்ற மாதம் எங்கள் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நைட்டி, லுங்கி, அரைக்கால் சட்டை, பனியன் ஆகிய உடைகளுடன் யாரும் லிஃப்ட், பூங்கா, வண்டி நிறுத்துமிடம், நுழைவாயில் ஆகிய இடங்களுக்கு வரக்கூடாது என்றும், இரண்டு முறை எச்சரித்த பிறகு 500 ரூபாய் அபராதம் விதித்து மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்து வசூலிப்போம் என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். குடியிருப்பின் மதிப்பையும் நம் பண்பாட்டையும் காக்க வேண்டும் என்பது காரணமாம். வட இந்தியாவில் ஒரு குடியிருப்பில் இப்படி விதி போட்டிருக்கிறார்கள் என்று செய்தித்தாள் துண்டு ஒன்றையும் உடன் அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த வாரம், குப்பை போடப் போன ஒரு பெண்மணியைப் பின்னாலிருந்து படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். முகம் தெரியவில்லை என்றாலும் அது என் மாமியார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வயது 68. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு சேலை கட்டிக்கொண்டு நடப்பது அவருக்குச் சிரமமாக இருப்பதால் நைட்டிதான் உடுத்துகிறார். மேலே துண்டு போடாமல் வாசலைத் தாண்டமாட்டார். அன்றிலிருந்து பூங்காவுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அரைக்கால் சட்டையோடு பூப்பந்து விளையாடப் போகும் என் 15 வயது மகள், இனி தானும் போகக்கூடாதா என்று கேட்கிறாள். ஊரோடு ஒத்துப்போவோம், எதற்கு வம்பு என்கிறார் கணவர். உண்மையைச் சொன்னால், இடுப்பில் ஈரத்துண்டோடு லிஃப்டில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. அதனால் சங்கத்தின் பேச்சில் நியாயமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அவர்கள் இப்படிச் செய்யலாமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உடைக்காக அபராதம் விதிக்கும் அதிகாரம் உங்கள் சங்கத்துக்கு இல்லை என்பதே என் கருத்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் மாமியார் மாலையில் பூங்காவுக்குப் போய் உட்கார, இந்தப் பதிலின் மீதியை நீங்கள் படித்து முடிக்கும் வரைகூட அவர் காத்திருக்க வேண்டியதில்லை. அறுவை சிகிச்சை செய்துகொண்ட மூட்டுக்கு நடை அவசியம். ஒரு சுற்றறிக்கைக்கு அஞ்சி அவர் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதைத்தான் உங்கள் கடிதத்தில் மிக அவசரமாகக் கவனிக்க வேண்டிய விஷயமாக நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பாலும் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. 2022-ஆம் ஆண்டில் நிறைவேறிய புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகு, அந்தச் சட்டத்தின் கீழ் அமைபவையும் உண்டு. எந்தச் சட்டத்தின் கீழ் வந்தாலும் சங்கத்தின் அடிப்படை வேலை, தண்ணீர், லிஃப்ட், கழிவுநீர், காவல், துப்புரவு போன்றவற்றைப் பார்த்துக்கொள்வதும், அதற்கான செலவை உரிமையாளர்களிடம் பங்கிட்டு வசூலிப்பதும், பொதுப் பகுதிகளை எல்லோரும் இடையூறின்றிப் பயன்படுத்த வழி செய்வதும்தான். பொதுப் பகுதி என்பது நிர்வாகிகளுக்குச் சொந்தமான இடமன்று. உங்கள் பத்திரத்தில் பிரிபடாத பாகம் என்று எழுதியிருக்கிறதே, அந்த நிலத்தில் உங்களுக்கு இருப்பது போலவே படிக்கட்டிலும் பூங்காவிலும் லிஃப்டிலும் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. சொந்தப் பங்குள்ள இடத்தில் நடப்பதற்கு ஒருவரிடம் பணம் வாங்க வேண்டுமென்றால், அதற்கான அதிகாரம் சங்கத்தின் பதிவு செய்யப்பட்ட துணைவிதியில் (பைலா) தெளிவாக இருக்க வேண்டும். அந்தத் துணைவிதியும் சட்டம் சங்கத்துக்குக் கொடுத்த வேலையின் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

சுற்றறிக்கை துணைவிதி ஆகாது. இந்த ஒன்றைப் பல சங்கங்களின் நிர்வாகிகளே புரிந்துகொள்வதில்லை. செயற்குழுவில் ஐந்தாறு பேர் கூடிப் பேசி, தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் அது விதியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். துணைவிதியைத் திருத்த வேண்டுமானால் பொதுக்குழுவுக்கு முறையாக அறிவிப்புக் கொடுத்து, அந்தப் பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்றி, திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்து பதிவு பெற வேண்டும். அப்படி எதுவும் நடந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. நடந்திருந்தாலும்கூட, நைட்டிக்கு 500 ரூபாய் என்னும் விதி உரிமையியல் நீதிமன்றத்தின் முன் நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர்க் குழாயை உடைத்தவரிடம் பழுதுபார்க்கும் செலவைக் கேட்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நைட்டியோடு லிஃப்டில் ஏறிய மூதாட்டியால் சங்கத்துக்கு ஏற்பட்ட நட்டம் என்ன என்று நீதிபதி கேட்டால், அதற்கு எந்தக் கணக்கும் காட்ட முடியாது.

அரசியலமைப்புச் சட்டம் தரும் உரிமையைக் காட்டி வாதாடலாமா என்று உங்கள் உறவினர்களோ நண்பர்களோ கேட்கக்கூடும். உடையும் தோற்றமும் ஒருவருடைய கருத்து வெளிப்பாட்டுரிமையின் பகுதி என்று, திருநர் உரிமை பற்றிய 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உறுதி செய்தது. ஆனால் இந்த உரிமைகள் முதன்மையாக அரசை நோக்கியவை. ஒரு தனியார் சங்கத்துக்கு எதிராக உங்கள் கையில் இருக்கும் வலுவான வாதம் இன்னும் எளிமையானது: துணைவிதி தராத அதிகாரத்தை நிர்வாகிகள் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள், போதும்.

செய்தித்தாள் துண்டைப் பற்றி. அது அநேகமாக 2023 ஜூன் மாதம் கிரேட்டர் நொய்டாவில் ஹிம்சாகர் என்னும் குடியிருப்பில் நடந்ததாக இருக்க வேண்டும். வீட்டு உடையான லுங்கியுடனும் நைட்டியுடனும் பொதுப் பகுதிகளில் நடமாட வேண்டாம் என்று அங்குள்ள சங்கம் குடியிருப்போரைக் கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோளாகத்தான் வந்தது; அதுவே நாடு முழுவதும் விவாதத்தைக் கிளப்பியது. அபராதத்துக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் உங்கள் நிர்வாகிகள் வேறோர் ஊரைக் காட்டியிருக்க வேண்டும். ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலப்பள்ளி என்னும் கிராமத்தில், காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை நைட்டி அணிந்து வெளியே வந்தால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு என்று 2018-இல் ஊர்ப் பெரியவர்கள் கட்டுப்பாடு விதித்தார்கள். செய்தி வெளியே வந்ததும் வருவாய்த் துறையினரும் காவல்துறையினரும் ஊருக்கே போய் விசாரிக்கும் நிலை ஏற்பட்டது. காட்டிக்கொடுப்பதற்குப் பரிசு என்று எழுதிய அந்த மனநிலைக்கும், குப்பைத் தொட்டியருகே ஒரு முதியவரைப் பின்னாலிருந்து படமெடுத்த மனநிலைக்கும் அதிகத் தூரமில்லை என்பதை உங்கள் சங்கத்தார் யோசித்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் உடைக் கட்டுப்பாடு பற்றி ஒரு சட்டமே இருக்கிறது. 2014 ஜூலையில் சேப்பாக்கத்திலுள்ள கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டிச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேட்டியோ பிற இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்து வருபவரைத் தங்கள் கட்டுப்பாட்டிலுள்ள பொது இடத்துக்குள் விடாமல் தடுக்கும் விதியை எந்தக் கிளப்பும் சங்கமும் வைத்திருக்கக்கூடாது. மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு. இந்தச் சட்டம் நைட்டிக்கும் லுங்கிக்கும் நேராகப் பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனாலும் அதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று வேட்டியைத் தடுத்தவர்களும் இடத்தின் மதிப்பைக் காக்கத்தான் அப்படிச் செய்ததாக நம்பினார்கள். ஒரு நீதிபதிக்கு நேர்ந்ததால் சட்டமன்றம் வரை போன அந்த அவமதிப்பு, உங்கள் மாமியாருக்கு நேர்ந்தபோது வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் குறியீடுகளோடு முடிந்துவிட்டிருக்கிறது.

சட்டம் இவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் சட்டத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

நம் வீடுகளில் நைட்டியை யார், எப்போது, எதற்காக உடுத்துகிறார்கள் என்பதைப் பாருங்கள். அது படுக்கையறை உடையாகத்தான் வந்தது. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் தமிழ்ப் பெண்கள் அதை வேலை உடையாக மாற்றிக்கொண்டுவிட்டார்கள். ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலும் ரங்கநாதன் தெருவிலும் கட்டுக்கட்டாக விற்கும் பருத்தி நைட்டிகளை வாங்குபவர்கள், அடுப்படி வெக்கையில் நிற்பவர்கள், துணி துவைப்பவர்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள், முதுகுவலியோடு மாவு அரைப்பவர்கள். முந்தானையைச் செருக வேண்டாம், கொசுவம் அவிழுமோ என்ற கவலை வேண்டாம், வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். விடியற்காலையில் பால் பாக்கெட் எடுக்க வாசற்கதவைத் திறப்பவர், தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பவர், சிலிண்டர்காரருக்குக் கையெழுத்துப் போடுபவர், குப்பையைப் பச்சைத் தொட்டிக்கும் நீலத் தொட்டிக்கும் பிரித்துக்கொண்டு கீழே இறங்குபவர், பள்ளி வேனுக்குப் பிள்ளையை ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவிடுபவர் யார் என்று உங்கள் குடியிருப்பில் ஒரு நாள் காலை ஐந்தரை மணியிலிருந்து எட்டு மணி வரை நின்று பார்த்தால் தெரியும். சுற்றறிக்கையில் லுங்கியும் நைட்டியும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கலாம். லுங்கி கட்டியவர் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளை எடுக்க ஒருமுறை இறங்குகிறார். நைட்டி உடுத்தியவர் வீட்டு வேலைக்காக ஒரே காலையில் நான்கு முறை இறங்குகிறார். எழுத்தில் சமமாக இருக்கும் விதி, நடைமுறையில் அந்த வேலையைச் செய்பவர் தலையில்தான் விடிகிறது. அபராதம் வருமோ என்று பயந்து அவர் ஒவ்வொரு முறையும் உடை மாற்றிக்கொண்டு இறங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லாத காலைப் பொழுதில் இன்னொரு வேலையை ஏற்றுவதாகும்.

உடைத் தரம் அடியோடு சரிந்துவிட்டது என்று சொல்பவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று, உங்கள் வீட்டிலேயே இருக்கும். வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் துப்பட்டாவோ துண்டோ தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் தொங்கும். மணியடித்தால் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறப்பார்கள். வீட்டுக்குள் வெறும் நைட்டி. காய்கறி வண்டிக்கும் தெருமுனைக் கடைக்கும் நைட்டி மேல் துப்பட்டா. பேருந்து நிறுத்தத்துக்குச் சுடிதார். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சேலை. எந்தச் சங்கமும் எழுதித் தராத இந்த வரையறையை நம் பெண்கள் தாங்களே வகுத்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகி, இன்று வரை ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்களும் அப்படித்தான். மடித்துக் கட்டிய கைலியோடு தெருவில் நிற்பவர், பெரியவர் ஒருவர் எதிரே வந்தால் தன்னையறியாமல் அதை இறக்கிவிடுகிறார். ஆக, எங்கே எதை உடுத்துவது என்ற உணர்வு யாரிடமும் அற்றுப்போகவில்லை. வீட்டின் எல்லை மட்டும் சற்று வெளியே நகர்ந்திருக்கிறது. முன்பு திண்ணையும் புழக்கடையும் கிணற்றடியும் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடியின் நடைபாதையும் லிஃப்டும் குப்பைத் தொட்டியும் இருக்கின்றன. கிணற்றடிக்குப் பட்டுச்சேலையில் யாரும் போனதில்லை.

பண்பாட்டைக் காக்க என்று எழுதியிருக்கிறார்களே, அந்தச் சொல்லை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எனக்கும் அதில் அக்கறை உண்டு. அதனால்தான் நம் மண்ணில் உடை விதிகள் எதற்குப் பயன்பட்டன என்பதை மறக்கக்கூடாது என்கிறேன். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய பழைய திருவிதாங்கூரில், மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடியும் அவமானமும் பட்டுப் போராடினார்கள்; 1859 ஜூலை 26 அன்று வெளியான அரச ஆணையில்தான் அந்த உரிமை கிடைத்தது, அதுவும் உயர்த்தப்பட்ட சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. தோளில் துண்டு போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, காலில் செருப்போடு தெருவுக்குள் நுழையக்கூடாது என்று ஒடுக்கப்பட்ட மக்களுக்கு விதித்தவர்களும் ஊர் மரியாதை என்றுதான் அதற்குப் பெயர் சூட்டினார்கள். அன்று மறைக்காதே என்றவர்களும் இன்று போதுமான அளவு மறைக்கவில்லை என்பவர்களும் ஒரே ஆட்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யார் எதை உடுத்த வேண்டும் என்று தண்டனையோடு சொல்லும் அதிகாரத்தைச் சிலர் கையில் எடுத்தபோதெல்லாம், அந்தத் தண்டனை எளியவர்கள் மீதுதான் முதலில் விழுந்திருக்கிறது. உங்கள் குடியிருப்பிலும் முதலில் படம் பிடிக்கப்பட்டவர் யார் என்று பாருங்கள்: எதிர்த்துப் பேசமாட்டார் என்று நம்பத்தக்க ஒரு முதியவர்.

இப்போது உங்கள் சங்கடத்துக்கு வருகிறேன். ஈரத்துண்டோடு லிஃப்டில் ஏறுபவரைக் கண்டு நீங்கள் ஒதுங்கி நின்றதில் குற்றவுணர்வு கொள்ள ஒன்றுமில்லை. நாலு பேர் நெருங்கி நிற்க வேண்டிய ஒரு சிறு பெட்டிக்குள் ஈரம் சொட்டச்சொட்ட ஒருவர் வெற்றுடம்போடு ஏறினால், பக்கத்தில் நிற்பவருக்கு அது இடையூறுதான். அவரைச் சட்டையோ துண்டோ மேலே போட்டுக்கொண்டு வரச் சொல்லிக் கேட்கலாம், சங்கமும் கேட்கலாம். உடையைப் பற்றி எந்த விதியுமே கூடாது என்பது என் நிலைப்பாடன்று. நீச்சல் குளத்தில் பருத்தி உடையோடு இறங்கக்கூடாது என்றால், நூலும் சாயமும் வடிகட்டியை அடைத்துவிடும் என்ற காரணம் இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் காலணி கட்டாயம் என்றால் பாதுகாப்பு இருக்கிறது. குடியரசு நாள் கொடியேற்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் நல்ல உடையில் வாருங்கள் என்று அழைப்பது அழகான வழக்கம். இடத்தின் பயனுக்கும் கேட்கப்படும் உடைக்கும் தொடர்பு இருக்கிறதா, கேட்பது வேண்டுகோளாக இருக்கிறதா மிரட்டலாக இருக்கிறதா என்பதை வைத்து நீங்களே எடைபோடலாம். குப்பைத் தொட்டிக்குப் போவதற்கும் பூங்கா இருக்கையில் காற்று வாங்குவதற்கும், தோள் மறைத்த, கணுக்கால் வரை வரும் ஒரு பருத்தி உடை எந்த வகையில் பொருந்தாதது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

உயர் நீதிமன்றமே கோயில்களுக்கு உடைக் கட்டுப்பாடு விதிக்கவில்லையா என்று கூட்டத்தில் யாராவது கேட்கக்கூடும். மதுரைக் கிளையின் ஒரு நீதிபதி 2015 நவம்பரில் பிறப்பித்த உத்தரவின்படி 2016 ஜனவரி முதல் நாளில் அது நடைமுறைக்கு வந்தது. லுங்கி, பெர்முடாஸ், ஜீன்ஸ், இறுக்கமான லெக்கிங்ஸ் முதலியவை தடுக்கப்பட்டன. அதே மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. வழிபாட்டுத் தலத்துக்கே நிலைமை இப்படி இருக்கும்போது வண்டி நிறுத்துமிடத்துக்கு அதை உதாரணம் காட்டுவது பொருந்தாது என்று சொல்லிவிடுங்கள்.

மகள் கேட்ட கேள்விக்கு மழுப்பலான பதில் வேண்டாம். பூப்பந்து விளையாட அரைக்கால் சட்டைதான் ஏற்ற உடை. விளையாடப் போகலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்த வயதுப் பெண்ணுக்கு உடையைப் பற்றி வீட்டில் பேச வேண்டியது உண்மைதான். இடத்துக்கேற்ப உடுத்தும் பழக்கம் அவளுக்கும் வரவேண்டும். துக்க வீட்டுக்கு ஒன்று, நேர்முகத் தேர்வுக்கு ஒன்று என்று அவள் போகப்போகக் கற்றுக்கொள்வாள். ஆனால் பிறர் கண்ணுக்குத் தன் உடல்தான் பொறுப்பு என்ற எண்ணம் மட்டும் அவள் மனத்தில் விழுந்துவிடக்கூடாது. பாட்டியைப் படம் எடுத்தார்கள், பாட்டி கீழே வருவதை நிறுத்திவிட்டார், வீட்டில் எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டார்கள் என்று அவள் கண்டால், நீங்கள் வாயால் சொல்லும் எந்த அறிவுரையைவிடவும் அதுவே அவளுக்குப் பாடமாகிவிடும். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். ஊரோடு ஒத்து வாழ வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் படமெடுத்தவரோடு ஒத்துப்போனால் சொந்தத் தாயோடு ஒத்துப்போக முடியாது. அவர் அம்மாவுக்காகப் பேச வேண்டியவர் மருமகளாகிய நீங்கள் மட்டும் அல்லர். கடிதத்தில் அவர் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. படத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அந்தப் பதிவையும் அதன் கீழ் வந்த பேச்சுகளையும், தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குழுவின் நிர்வாகிக்கு எழுத்தில், அதை உடனே நீக்கும்படியும், இனி யாரையும் அனுமதியின்றிப் படமெடுத்துப் பகிரக்கூடாது என்று குழுவில் அறிவிக்கும்படியும் கேளுங்கள். பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் நோக்கில் செய்யப்படும் சொல்லும் செயலும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகும் என்பதைக் கடிதத்தில் ஒரு வரியாகக் குறிப்பிடலாம். பெரும்பாலும் அந்த ஒரு வரியிலேயே படம் நீங்கிவிடும். நீக்க மறுத்தாலோ மீண்டும் யாரையாவது படமெடுத்தாலோ அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனுக் கொடுங்கள். 181 என்னும் மகளிர் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். அண்டை வீட்டாரோடு தினமும் முகம் பார்த்து வாழ வேண்டியிருப்பதால், எடுத்த எடுப்பில் காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம் என்பது என் யோசனை. ஆனால் படத்தை அப்படியே விட்டுவிட வேண்டாம்.

சங்கத்துக்கு எழுதும் கடிதம் தனியாக இருக்கட்டும். சுற்றறிக்கையில் சொன்ன தடையும் அபராதமும் துணைவிதியின் எந்தப் பிரிவின்படி விதிக்கப்பட்டவை, எந்தத் தேதியில் நடந்த கூட்டத்தின் தீர்மானம் அது என்று கேட்டு, அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பின் நகலையும் பதிவான துணைவிதியின் நகலையும் கோருங்கள். பத்திரம் இருவர் பெயரிலும் இருப்பதால் நீங்களும் உரிமையாளர்தான். பொதுவாக வீட்டுக்கு ஒரு வாக்குதான் என்றாலும், கடிதம் எழுதவும் கூட்டத்தில் பேசவும் கணவரின் அனுமதிக் கடிதம் உங்களுக்குத் தேவையில்லை. அடுத்த பொதுக்குழுவில் இந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறும் தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறும் கேளுங்கள். அதற்கு முன்பாக, காலையில் குப்பைத் தொட்டியருகே உங்களைப் போலவே துப்பட்டாவோடு வந்து நிற்கும் பெண்களிடம் பேசிப் பாருங்கள். பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டால் கடிதத்தின் எடை வேறு. சுற்றறிக்கைக்குப் பதிலாக, லிஃப்டில் வெற்றுடம்போடு வரவேண்டாம் என்று ஒரு கனிவான வேண்டுகோளை வைக்கலாம் என்று நீங்களே முன்மொழிந்தால், தலைவருக்கும் கௌரவமாகப் பின்வாங்க ஒரு வழி கிடைக்கும். நிர்வாகிகள் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள். தண்ணீர்ப் பஞ்சத்திலும் வெள்ளத்திலும் உங்களுக்காக ஓடியிருப்பார்கள். அவர்களைக் கூட்டத்தில் அவமானப்படுத்தாமல் பேசுவது காரியத்துக்கும் நல்லது, மரியாதையும் அதுதான்.

பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் எந்தக் கோபத்திலும் நிறுத்திவிடாதீர்கள். நிலுவை வைத்தவர் என்ற ஒரு காரணம் போதும், உங்கள் நியாயமான கேள்வியை ஒதுக்கிவிடுவார்கள். மாதம் பிறந்ததும் வங்கிக் கணக்கு வழியாக, எந்த மாதத்துக்கான பராமரிப்புக் கட்டணம் என்று குறிப்பிட்டு, அந்தத் தொகையை மட்டும் செலுத்துங்கள். ரசீதில் அபராதம் என்று 500 ரூபாய் சேர்த்து வந்தால், அதை ஏற்கவில்லை என்று அன்றைக்கே எழுதி அனுப்புங்கள். அந்த அபராதத்தைக் காரணம் காட்டித் தண்ணீரையோ லிஃப்டையோ உங்கள் வீட்டுக்கு நிறுத்துவதாக மிரட்டினால் தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகையும் (அபராதம் செல்லாது என்ற அறிவிப்பு) உறுத்துக்கட்டளையும் (அப்படிச் செய்யக்கூடாது என்ற தடை உத்தரவு) கோரி வழக்குத் தொடுக்கலாம், இடைக்காலத் தடையும் கேட்கலாம். கடிதங்கள் எல்லாவற்றையும் பதிவுத் தபாலிலோ, நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டோ கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் போதாது.